தாம்பூலமும் மரபணுவின் மடையும்

திருவேற்காட்டுக் கருமாரியம்மன் சன்னதிக்குப் போகும் வீதியில், ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமைகளில், தேங்காயும் எலுமிச்சம்பழ மாலையும் வேப்பிலைக் கொத்தும் மஞ்சளும் குங்குமமும் நிறைந்த அர்ச்சனைத் தட்டுகளை விற்கும் கடைகளின் வரிசையைக் காண்பவர், அந்தத் தட்டுகளுள் எதுவும் இரண்டு வெற்றிலையும் ஒரு கொட்டைப்பாக்கும் இல்லாமல் முழுமை பெறுவதில்லை என்பதையும் காண்பார். தேவிக்கு நிவேதனமாகும் பொருள்களில் கடைசியாக வைக்கப்படுவதும், விருந்தினருக்குப் பந்தி முடிந்தபின் கடைசியாக வழங்கப்படுவதும் ஒரே பொருளாக இருப்பது நம்முடைய சம்பிரதாயத்தின் விசேஷம். கூவம் நதிக்கரையில் அமைந்த இந்த ஸ்தலத்தில், வேதபுரீசுவரரைத் திருஞானசம்பந்தர் பாடிய பழமையோடு, அறுபத்துமூவருள் ஒருவரான மூர்க்க நாயனார் பிறந்த பெருமையும் சேர்ந்திருக்கிறது. கைப்பொருளையெல்லாம் விற்று, அது தீர்ந்தபின் சூதாடி வென்ற பொருளைக்கொண்டும் அடியார்களுக்கு அமுது படைத்தவர் என்று அவரைப் பெரியபுராணம் சொல்லும். அமுது படைத்த இலைக்கு அருகே தாம்பூலமும் வைத்து உபசரிப்பது தமிழ்நாட்டு இல்லறத்தின் தொன்றுதொட்ட வழக்கம். சிலப்பதிகாரத்துக் கண்ணகி, ஆயர்பாடியில் கோவலனுக்குத் தன் கையால் கடைசி முறையாக உணவு படைத்த பிறகு, வெற்றிலையும் பாக்கும் எடுத்துக் கொடுத்ததைக் கவி மறவாமல் குறித்திருக்கிறார்.

இவ்வளவு மங்கலமான ஒரு வழக்கம் வியாதிக்கு வாயிலானது எவ்வாறு என்பதும், அந்த வியாதியின் மூலத்தைத் தேடிய வைத்தியர்களும் விஞ்ஞானிகளும் நூறு ஆண்டுக்கு மேல் நடந்து எங்கே வந்து நிற்கிறார்கள் என்பதும் நம்மவர் அறியவேண்டிய சரித்திரம். அதில் பெரும்பகுதி நம்முடைய மண்ணிலேயே, சென்னைப் பட்டணத்திலும் தெற்கே நெய்யூரிலும் அடையாற்றிலும் தரமணியிலும் நடந்தது என்பது பலருக்குத் தெரியாது.

கண்ணகி கொடுத்த சுருளில் புகையிலை இருந்திருக்க முடியாது. அமெரிக்கக் கண்டத்துச் செடியாகிய புகையிலை, போர்த்துகீசியரின் கப்பல்களில் ஏறிப் பதினாறாம் நூற்றாண்டிலேதான் நம்முடைய கடற்கரையை அடைந்தது; ஆனால் வந்த வேகத்தில் அது வேரூன்றியதைப்போல வேறெந்த அந்நியப் பயிரும் வேரூன்றவில்லை என்றே சொல்லவேண்டும். யாழ்ப்பாணத்துப் புகையிலை டச்சுக்காரர் காலத்திலேயே திருவிதாங்கூருக்கு ஏற்றுமதியாகும் பெரிய வியாபாரச் சரக்காயிற்று. வேதாரண்யத்து மணற்பாங்கான நிலத்தில் மெல்லும் புகையிலையும், திண்டுக்கல்லில் சுருட்டுக்குரிய இலையும் விளைந்தன. வெற்றிலைப் பெட்டியில் பாக்குக்கும் சுண்ணாம்புக்கும் பக்கத்தில் ஒரு காம்புப் புகையிலையும் இடம் பிடித்துக்கொண்டது. இரண்டு நூற்றாண்டுகளுக்குள், வெற்றிலைபோடுவது என்றால் புகையிலையும் சேர்த்துப் போடுவதுதான் என்று உழைக்கும் ஜனங்களிடையே நிலைத்துவிட்டது.

அந்தப் பெட்டியைச் சற்று அருகில் வைத்துப் பார்ப்போம். வெற்றிலையின் காம்பைக் கிள்ளி, முதுகுநரம்பை நகத்தால் உரித்து, சுட்டுவிரல் நுனியால் சுண்ணாம்பைத் தடவி, பாக்குவெட்டியில் சீவிய பாக்கை வைத்து மடித்து வாயிலிட்டு மென்று, சாறு ஊறியபின் புகையிலையைக் கிள்ளிச் சேர்த்து, அந்தக் கலவையைக் கன்னத்துக்கும் கீழ் ஈறுக்கும் நடுவே அடக்கிக்கொள்வார்கள். பல் போன பாட்டிமார்களுக்குச் சிறிய இரும்பு உரலில் இடித்துக் கொடுப்பதற்கென்றே பேரப்பிள்ளை ஒருவன் பக்கத்தில் இருப்பான். நாற்று நடும்போதும் செங்கல் சுமக்கும்போதும் பசியை மறக்கச் செய்யும் துணையாக அது வாயில் இருக்கும். சிலர் இரவிலும் துப்பாமல் அதே கன்னத்தில் அடக்கியபடியே உறங்கிவிடுவார்கள். வருஷக்கணக்காக எந்த இடத்தில் அந்தக் கலவை தங்குகிறதோ அந்த இடத்தில் முதலில் வெண்படை தோன்றும். சிலருக்குக் காரம் பட்டால் பொறுக்காது, வாய் திறப்பதும் குறுகும். பிறகு ஆறாத புண் ஒன்று எழும். வலது கன்னத்தில் அடக்குபவருக்கு வலது கன்னத்திலும், இடது கன்னத்தில் அடக்குபவருக்கு இடது கன்னத்திலும் நோய் கண்டதுதான் பழைய வைத்தியர்களின் சந்தேகத்தைத் தூண்டிய முதல் பிரத்தியட்சம்.

1902-இல், சென்னைப் பொது மருத்துவமனையின் ரணசிகிச்சை வைத்தியராகிய நிப்லாக், இந்தியாவில் புற்றுநோய் பற்றி இந்தியன் மெடிக்கல் கெஜட் என்னும் பத்திரிகையில் எழுதினார். இந்தியர்களுக்குப் புற்றுநோய் அபூர்வம் என்ற அபிப்பிராயம் ஐரோப்பிய வைத்தியர்களிடையே பரவியிருந்த காலம் அது. ஆறு ஆண்டுகளுக்குப் பின், 1908-இல், நாகர்கோவிலுக்கு அருகில் உள்ள நெய்யூரில் லண்டன் மிஷன் நடத்திவந்த ஆஸ்பத்திரியிலிருந்து இரண்டு கட்டுரைகள் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளிவந்தன: வாய்ப் புற்றுநோய்க்காகச் செய்த 209 அறுவை சிகிச்சைகளை ஆராய்ந்து ஃபெல்ஸ் எழுதியது ஒன்று, 1,700 புற்றுநோயாளிகளின் விவரங்களைத் தொகுத்து பெண்டல் எழுதியது மற்றொன்று. அப்போது திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்து, 1956 நவம்பர் 1 முதல் தமிழ்நாட்டோடு இணைந்த அந்தச் சிற்றூருக்கு, ஒரு பெரிய நகரத்து வைத்தியசாலைக்கும் வராத அளவில் வாய்ப்புண் நோயாளிகள் நடந்தும் கட்டிலில் சுமக்கப்பட்டும் வந்துகொண்டிருந்தார்கள். எவரெஸ்ட் சிகரத்தில் ஏற முயன்ற சாமர்வெல், மலையை விட்டிறங்கி வந்து தம் வாழ்நாளில் பல ஆண்டுகளைச் செலவிட்டது இந்த ஆஸ்பத்திரியில்தான். அங்கேயே பணிபுரிந்த ஐ.எம். ஆர் என்ற வைத்தியர் 1933-இல் லான்செட் பத்திரிகையில், திருவிதாங்கூரில் வெற்றிலை போடுபவர்களுக்கு வரும் வாய்ப் புற்றுநோயைப் பற்றி எழுதிய கட்டுரை, இன்றைக்கும் இந்தத் துறையில் ஆதார நூல் போல எடுத்தாளப்படுகிறது. நோயாளிகளின் வாயைப் பார்த்ததோடு நில்லாமல், அவர்கள் எந்தப் புகையிலையை எவ்வளவு நேரம் எவ்வாறு அடக்கினார்கள் என்று விசாரித்து எழுதும் முறையை அவர் கைக்கொண்டார்.

பட்டணத்தில் இந்த வேலையைக் கையேற்றவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. சென்னை மருத்துவக் கல்லூரியில் 1912-இல் பட்டம் பெற்ற அவர், தம் தங்கை 1923-இல் புற்றுநோயால் இறந்ததைக் கண்ட நாளிலிருந்து இந்நோய்க்கெனத் தனி ஆஸ்பத்திரி ஒன்று நிறுவ வேண்டும் என்ற சங்கற்பத்தை விடவில்லை. முப்பது ஆண்டு முயற்சிக்குப் பின், 1952 அக்டோபரில் ஜவாஹர்லால் நேரு அடிக்கல் நாட்ட, 1954 ஜூன் மாதம் அடையாற்றில் பன்னிரண்டு படுக்கைகளோடு புற்றுநோய் நிலையம் திறக்கப்பட்டது. முத்துலட்சுமி ரெட்டியின் குமாரர் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், அடுத்த ஆண்டு வந்து சேர்ந்து 2021-இல் தம் மரணம் வரையில் அந்த நிலையத்தை விட்டு அகலாத டாக்டர் சாந்தாவும், வாய்ப் புற்றுநோயின் காரணங்களைப் பற்றி 1959-இல் பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் கேன்சர் இதழில் எழுதினார்கள். வசதி குறைந்த ஓர் இளம் ஆஸ்பத்திரி, நோயாளிகளுக்குப் படுக்கை தேடும் அல்லலுக்கிடையே, காரணத்தையும் ஆராய முற்பட்டது சாமானியமான காரியம் அன்று. உலக சுகாதார ஸ்தாபனத்தைச் சார்ந்த லியோன் நகரத்துப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம், புகையிலை கலந்த தாம்பூலம் புற்றுநோயை உண்டாக்குவது என்று 1985-இலும், புகையிலை இல்லாவிடினும் பாக்கே அத்தகையது என்று 2004-இலும் தீர்ப்பளித்தது. சாந்தா முதலியோர் கண்டதை உலகம் எழுத்தில் ஒப்புக்கொள்ள இவ்வளவு காலம் ஆயிற்று.

காரணம் தெரிந்துவிட்டது, ஆனால் காரணத்திற்கும் காரியத்திற்கும் நடுவே, கன்னத்தின் உட்தோலில் உள்ள ஓர் உயிரணுவுக்குள் நிகழ்வது என்ன என்ற கேள்வி மீதி இருந்தது. அதற்கு விடை தேடியவர்கள் இயல்பாகவே மரபணுக்களைப் பார்த்தார்கள். மனித உயிரணுவின் டி.என்.ஏ. ஏறத்தாழ முந்நூறு கோடி எழுத்துக்கள் கொண்ட நீண்ட சுவடி. அதில் புரதங்களைச் செய்வதற்கான குறிப்புகள் எழுதப்பட்ட மரபணுக்கள் ஏறத்தாழ இருபதினாயிரம். அவற்றின் குறிப்புப் பகுதிகளை எல்லாம் ஒன்றுசேர்த்தாலும் முழுச் சுவடியில் நூற்றுக்கு இரண்டு பங்குக்கும் குறைவே. எஞ்சிய தொண்ணூற்றெட்டுப் பங்கைக் கண்டு திகைத்தவர்கள் பலர். 1972-இல் சுசுமு ஓனோ என்ற விஞ்ஞானி அதில் பெரும்பகுதியைப் பயனற்ற குப்பை என்று கருதினார். அந்தக் கருத்து நெடுங்காலம் செல்வாக்கோடு இருந்தது.

ஆயினும் அதற்கு மாறான செய்தி முன்னமேயே வந்துகொண்டிருந்தது. ஒரு மரபணு வேலை செய்வதும் செய்யாமல் அடங்கியிருப்பதும் அதன் பக்கத்திலுள்ள எழுத்துக்களால் ஆளப்படுகின்றன என்று பிரான்ஸ் தேசத்து ஜாக்கோபும் மோனோவும் 1961-இலேயே பாக்டீரியாவைக்கொண்டு காட்டியிருந்தார்கள். 1981-இல் ஜூரிக் நகரத்து ஷாஃப்னரின் ஆய்வுக்கூடத்தில், குரங்கு வைரஸ் ஒன்றின் சிறு துண்டு, முயலின் ஹீமோகுளோபின் மரபணுவை, அதிலிருந்து ஆயிரக்கணக்கான எழுத்துக்களுக்கு அப்பால் வைக்கப்பட்டபோதிலும், இருநூறு மடங்கு வேகத்தில் இயங்கச் செய்தது. பூவிருந்தவல்லிக்கு அருகே செம்பரம்பாக்கம் ஏரியின் பாசனத்தை அறிந்தவர்களுக்கு இதன் தத்துவம் எளிதில் விளங்கும்: வயலில் விதைத்த நெல் குறையற்றதாக இருந்தும், ஏரியின் மடையை மூடுபவர் இல்லாமற் போனால், விளையவேண்டிய பயிர் நீரில் மூழ்கி அழுகிவிடுகிறது. புரதக் குறிப்பில் ஓர் எழுத்தும் பிசகாமலேயே, மரபணுவின் மடை திறந்தபடி நிற்பதால் ஒரு கேடு விளையக்கூடும். ஆப்பிரிக்கக் குழந்தைகளுக்கு வரும் தாடைக் கட்டியை உகாண்டாவில் 1958-இல் விவரித்தவர் பர்க்கிட். அதன் உயிரணுக்களில், எட்டாவது குரோமோசோமிலுள்ள மிக் என்ற மரபணு, இரத்தத்தின் எதிர்ப்புப் பொருளைச் செய்யும் பதினான்காவது குரோமோசோமின் ஓயாத ஊக்கிக்குப் பக்கத்தில் போய் ஒட்டிக்கொண்டிருப்பது 1982-இல் தெரியவந்தது. கெட்டுப்போனது மரபணுவின் ஒழுங்கே என்பதற்கு அது முதல் பெரிய சாட்சி.

இந்தச் சரித்திரத்தில் 2013-ஆம் ஆண்டை நான் முக்கியமான ஆண்டாகக் கருதுகிறேன். ஏனெனில் அந்த ஒரே ஆண்டில் நம் நாட்டைச் சார்ந்ததும் வெளிநாட்டைச் சார்ந்ததுமான இரண்டு ஆராய்ச்சிகள் வெளிவந்தன. ஒன்றைப் படித்தவர் மற்றொன்றையும் படிக்கவேண்டும். கல்யாணியிலும் மும்பையிலும் உள்ள நிறுவனங்களைச் சேர்ந்த இந்திய ஆராய்ச்சிக் குழு, ஈறு-கன்னப் புற்றுநோய் கண்ட ஐம்பது நோயாளிகளின் மரபணுக்களை முழுமையாக வாசித்து, எவையெவை சிதைந்தன என்ற பட்டியலை வெளியிட்டது. புகையிலை மெல்லும் நம் ஜனங்களின் நோயை நம்மவரே எழுத்தெழுத்தாக வாசித்த முதல் பெரிய முயற்சி அது. அதற்கு நாம் நன்றி செலுத்தவேண்டும். ஆனால் அவர்கள் பெரும்பாலும் வாசித்தது எக்ஸோம் எனப்படும் பகுதியை, அதாவது புரதக் குறிப்புள்ள இரண்டு பங்கை மாத்திரமே. அந்த நாளில் முழுச் சுவடியையும் வாசிப்பது பெருஞ்செலவான காரியம்.

அதே ஆண்டின் தொடக்கத்தில் சயன்ஸ் பத்திரிகையில், தோலில் வரும் மெலனோமா என்ற புற்றுநோயைப் பற்றி அமெரிக்காவிலிருந்து ஒன்றும் ஜெர்மனியிலிருந்து ஒன்றுமாக இரண்டு கட்டுரைகள் வந்தன. இரண்டும் சுட்டிக்காட்டியது டெர்ட் என்ற மரபணுவின் முன்வாசலை. சாதாரண உயிரணு ஒன்று ஏறத்தாழ ஐம்பது முறை பிரிந்தபின் ஓய்ந்துவிடும் என்று ஹேஃப்ளிக் 1961-இல் கண்டார்; குரோமோசோமின் நுனிகள் ஒவ்வொரு பிரிவிலும் சிறிது தேய்ந்து குறுகுவதே அதற்குக் காரணம் என்பது பின்னர் தெரியவந்தது. தேய்ந்த நுனியை மீண்டும் நீட்டித் தரும் டெலோமரேஸ் என்ற பொருளை பிளாக்பர்னும் கிரெய்டரும் 1984-இல் கண்டுபிடித்தார்கள். அந்தப் பொருளைச் செய்யும் குறிப்பே டெர்ட். முதிர்ந்த உடலின் பெரும்பாலான உயிரணுக்களில் அது அடங்கிக் கிடக்கும். ஐந்தாவது குரோமோசோமில் அது தொடங்கும் இடத்துக்கு 124 எழுத்துக்கள் முன்னாலும் 146 எழுத்துக்கள் முன்னாலும், இரண்டே இடங்களில், சி என்ற எழுத்து டி என்ற எழுத்தாக மாறியிருந்ததை அந்தக் கட்டுரைகள் காட்டின. எதிர் இழையிலிருந்து பார்த்தால், ஜி என்ற எழுத்து ஏ ஆகி, ஜி ஜி ஏ ஏ என்ற நான்கு எழுத்துத் தொடர் ஒன்று புதிதாக உருவாகிறது. அந்த நான்கெழுத்தைத் தேடித் திரிந்து பற்றிக்கொள்ளும் புரதங்கள் உயிரணுவுக்குள் இயல்பாகவே உண்டு. அவற்றுள் கேப் என்ற புரதம் அங்கே வந்து அமர்ந்துகொள்கிறது என்று 2015-இல் நிரூபித்தார்கள். அமர்ந்தவுடன் அடங்கிக் கிடந்த மரபணு விழித்துக்கொள்ளும்; ஓயவேண்டிய உயிரணு ஓயாமல் பிரிந்துகொண்டே போகும். முந்நூறு கோடி எழுத்துக்களில் ஓர் எழுத்து, அதுவும் எந்தப் புரதத்தின் குறிப்பிலும் சேராத ஓர் எழுத்து, இவ்வளவைச் செய்கிறது.

எக்ஸோமை மாத்திரம் வாசிப்பவர் கண்ணில் இந்த எழுத்துப் படுவது அரிது. இங்கேதான் சென்னைப் பல்கலைக்கழகத்தின் பங்கு வருகிறது. தரமணியில், இருபத்தேழு ஆண்டு துணைவேந்தராக விளங்கிய ஏ. லட்சுமணசுவாமி முதலியாரின் பெயரில் அமைந்த முதுநிலை அடிப்படை மருத்துவ அறிவியல் நிலையத்தின் மரபியல் துறையினர், டாக்டர் முனிராஜனின் தலைமையில், கர்ப்பப்பை வாயிலும் வாயிலும் வந்த புற்றுநோய்க் கட்டிகளை எடுத்து, டெர்ட் மரபணுவின் அந்த இரண்டு இடங்களை மாத்திரம் நேராகச் சென்று வாசித்தார்கள். 2016-இல் வெளியான அவர்களுடைய கட்டுரையின்படி, கர்ப்பப்பை வாய்க் கட்டிகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கிலும், வாய்க் கட்டிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கிலும் அந்த ஓரெழுத்து மாற்றம் இருந்தது. விலைமதிப்புள்ள பெரிய யந்திரங்களோ, நூற்றுக்கணக்கான ஆய்வாளர்களோ இல்லாமல், சரியான இடத்தில் சரியான கேள்வியைக் கேட்டுப் பெற்ற விடை அது. நெய்யூரில் ஒரு வைத்தியர் நோயாளியின் கன்னத்துக்குள் விரலிட்டுத் தடவிப் பார்த்த புண்ணின் உள்ளே, அதே தென்னாட்டில் ஒரு நூற்றாண்டுக்குப்பின், நான்கெழுத்தாக வாசிக்கப்பட்ட காரணங்களுள் ஒன்று இருக்கக் கண்டார்கள் என்பதில் எனக்கு உண்மையான பெருமை உண்டு.

நியாயமாகச் சொல்லவேண்டிய மற்றொரு விஷயமும் இருக்கிறது. பல தேசத்தவர் சேர்ந்து 2,658 கட்டிகளின் முழுச் சுவடியையும் வாசித்து 2020-இல் வெளியிட்ட பெரும் ஆராய்ச்சி, புற்றுநோயைச் செலுத்தும் மாற்றங்களில் புரதக் குறிப்பிலுள்ளவையே இன்றும் பெரும்பான்மை என்றும், அதற்கு வெளியே உள்ளவை அவற்றைவிடக் குறைவு என்றும், அந்தக் குறைவுக்குள் அடிக்கடி காணப்படுவது டெர்ட்டின் முன்வாசலே என்றும் தெரிவித்தது. ஆகையால் தொண்ணூற்றெட்டுப் பங்கு முழுவதும் நோயின் மூலம் ஒளிந்திருப்பதாக எண்ணுவது அதிகப்படி. ஆனால் அந்த 2,658-க்குள் நம் நாட்டு வாய்ப் புற்றுநோய்க் கட்டிகள் மிகச் சிலவே. பாக்கும் சுண்ணாம்பும் புகையிலையும் பல்லாண்டு ஊறிய கன்னத்தின் முழுச் சுவடியை ஐரோப்பியரிடமோ அமெரிக்கரிடமோ தேடிப் பயனில்லை. ஜீனோம் இந்தியா திட்டம் 2025 ஜனவரியில் 10,000 இந்தியரின் முழுச் சுவடியையும் ஆராய்ச்சியாளர்களுக்குத் திறந்துவிட்டது. அடுத்த மாதமே சென்னை ஐ.ஐ.டி. வெளியிட்ட பாரத் புற்றுநோய் ஜீனோம் அட்லஸ், மார்பகப் புற்றுநோய் கண்ட 480 பேரிடமிருந்து பெற்ற 960 எக்ஸோம்களைக் கொண்டிருக்கிறது. ஒன்றில் சுகமாயிருப்பவரின் சுவடி முழுமையாக உண்டு. மற்றொன்றில் நோயாளியின் சுவடி இரண்டு பங்கே உண்டு. இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறபோது, கட்டிகளின் முழுச் சுவடியையும், முதலில் வாய்ப் புற்றுநோயின் சுவடியையும், வாசிக்கவேண்டும் என்ற ஆசை ஒருவருக்கு உண்டாகாமல் இராது. வாசிப்புக்கூலி வருஷந்தோறும் குறைந்துவருகிற இந்நாளில் அது வீண் ஆசையும் அன்று.

திருவேற்காட்டைச் சுற்றிலும் வழக்கம் மாறிக்கொண்டிருக்கிறது. அம்பத்தூர்த் தொழிற்பேட்டையும் ஆவடிப் பட்டறைகளும் வந்த பிறகு, வெற்றிலை மடிக்கும் பொழுது உழைப்பாளிகளுக்கு இல்லாமற் போயிற்று. அந்த இடத்தைப் பொட்டலங்கள் பிடித்துக்கொண்டன. குட்காவைத் தமிழ்நாடு 2013-இல் தடை செய்தும், பாக்குத்தூளும் புகையிலைத்தூளும் தனித்தனிப் பொட்டலங்களாகச் சந்தையில் உலவுகின்றன. சுவடியின் எழுத்தை மாற்றும் சக்தி பொட்டலத்திலும் இருக்கிறது, தாம்பூலத்துக்குரிய மங்கலம் மாத்திரம் இல்லை. அம்மனுக்கு வைக்கும் இரண்டு வெற்றிலையும் ஒரு பாக்கும் எவர் வாயையும் கெடுக்கவில்லை என்பதையும் இங்கே சொல்லிவிடுவது நியாயம்.

மறுபுறம், பூவிருந்தவல்லி நெடுஞ்சாலையில் வேலப்பன்சாவடியில் பல் மருத்துவக் கல்லூரியும் அதன் ஆஸ்பத்திரியும் இருக்கின்றன. திருவேற்காட்டிலிருந்து நடந்தே போகும் தூரம். அது போன்ற இடங்களில் ஒரு கண்ணாடியும் விளக்கும் கொண்டு வாயைத் திறந்து பார்க்கும் சோதனைக்குச் சில நிமிஷங்களே ஆகும். திருவனந்தபுரத்துக் கிராமங்களில் 1996 முதல் நடத்தி 2005-இல் லான்செட்டில் வெளியிட்ட பரிசோதனையில், இந்த எளிய முறையாலேயே, புகையிலையோ மதுவோ பழகியவர்களிடையே வாய்ப் புற்றுநோயால் நேரும் மரணம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. வெண்படை கண்ட கன்னத்திலிருந்து வெட்டியெடுக்கும் கடுகளவு திசுவில், நோய் இருக்கிறதா என்று பார்ப்பதோடு, டெர்ட்டின் அந்த இரண்டு எழுத்துக்களையும் வாசித்துக் குறித்துவைக்கும் ஏற்பாடு நம் பக்கத்து ஆஸ்பத்திரிகளில் வரவேண்டும். அந்தத் திசுவைப் பத்திரப்படுத்தி வைத்தால், முழுச் சுவடியையும் வாசிக்கப் பணம் கிடைக்கும் ஆண்டில், வாசிக்கவேண்டிய பொருள் கையிலேயே இருக்கும்.